காற்றுக்கு ஒரு கொக்கி

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்களும், அவரவர் உட்கார்ந்திருந்த இடமும் பின்வருமாறு.

மின்விசிறிக்கு நேர் கீழே, பிரம்பு நாற்காலியில் அம்மா. சோபாவின் ஜன்னலோர மூலையில் அண்ணன்; காலையில் படித்து முடித்த பேப்பரை மறுபடி முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தான். அதே சோபாவின் நடுவில், இரண்டு தலையணைகளை முதுகுக்கு முட்டுக் கொடுத்து, அத்தான். அக்கா வரவில்லை. "இந்தப் பேச்சையெல்லாம் என் காதால கேக்க முடியாது, நீங்க போய்க் கேட்டுட்டு வந்து சொல்லுங்க" என்று அத்தானை அனுப்பியிருந்தாள்.

அண்ணி உட்காரவில்லை. சமையலறை நிலையில் தோளைச் சாய்த்து நின்றார். உட்கார்ந்தால் உடனே யாராவது தண்ணீர் கேட்பார்கள் என்பது அவர் கண்ட அனுபவம். வாசலை ஒட்டிய முக்காலியில் பயில்வான். காலையும் மாலையும் வந்து என்னைத் தூக்கி, குளிப்பாட்டி, உடுத்திவிடுகிறவர். ஆள் ஒல்லி. வேலைக்கு வந்த முதல் நாள் என்னை ஒரே மூச்சில் கட்டிலிலிருந்து தூக்கியதைப் பார்த்து அம்மா வைத்த பெயர் அது.

நான் என் சக்கர நாற்காலியில், ஃப்ரிட்ஜுக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவில். கூடத்தில் என் நாற்காலி அடங்குகிற இடம் அது ஒன்றுதான். யாருக்காவது மோர் வேண்டுமென்றால் நான் பின்னால் நகர வேண்டும்.

நான் ஒரு பம்பு செட் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கடிதம் எழுதுகிறவன். முன்பு அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்த்தபோது மொட்டைமாடித் தொட்டியைப் பார்க்க ஏறி, ஈரத்தில் வழுக்கி விழுந்துதான் எனக்கு மார்புக்குக் கீழே எல்லாம் போயிற்று. வாடிக்கையாளர் புகார்களுக்குப் பதில் எழுதும் வேலையை அவர்களாகவே கொடுத்தார்கள். ஆகவே எதையும் பொருள், பார்வை, விவரம் என்று பிரித்துச் சொல்வது பழக்கமாகிவிட்டது. அன்றும் அப்படியே ஆரம்பித்தேன்.

"பொருள், என் ரூம் கதவுக்கு உள்தாழ்ப்பா. பார்வை..."

"பார்வையெல்லாம் இருக்கட்டும் மாப்ள," என்றார் அத்தான். "இதுக்கு எதுக்கு ஞாயித்துக்கிழமை தூக்கத்தைக் கெடுத்து எல்லாரையும் கூட்டினே? ஆசாரியைக் கூப்பிட்டா அரை மணி நேர வேலை."

"கூப்பிட்டேன் அத்தான். ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க."

யார் என்று நான் சொல்லவில்லை. அம்மா மின்விசிறியைப் பார்த்தாள்.

கதவுக்கு முன்பு தாழ்ப்பாள் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் ஒருநாள் நான் உள்ளே தாழிட்டுக்கொண்டிருந்தபோது நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டேன். அண்ணன் கதவை உடைத்துத்தான் எடுத்தான். கதவைச் சரிசெய்தபோது தாழ்ப்பாளைத் திரும்ப வைக்கவில்லை. திருகாணி இருந்த நாலு ஓட்டைகள் மட்டும் மிஞ்சின. அதன் பிறகு வீட்டுத் துணி அலமாரி என் அறைக்கு வந்தது. பின்னாலேயே இஸ்திரி மேஜை. தலையணை உறைக்கு, துண்டுக்கு, அண்ணனின் சட்டைக்கு என்று நாள் முழுக்க யாராவது வருவார்கள். நான் உடை இல்லாமல் கிடந்தாலும், சிறுநீர்ப் பையை மாற்றிக்கொண்டிருந்தாலும், "நான் பாக்கல, நான் பாக்கல" என்று சொல்லிக்கொண்டே வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். ஒன்பது வருஷம். பழகிவிட்டது என்று நானே சொல்லித் திரிந்தேன்.

இப்போது ஏன் என்றால், புகார்க்காரி.

இதுவும் அம்மா வைத்த பெயர்தான். பெண்கள் விடுதி ஒன்றில் கணக்கு எழுதுகிறவள். அவர்கள் விடுதிக்கு எங்கள் கம்பெனி பம்பு போய்ச் சேர்ந்து, தண்ணீர் ஏற்றாமல் மக்கர் செய்து, அவள் எழுதிய முதல் கடிதம் என் மேஜைக்கு வந்தது. "உங்கள் பம்பு சத்தம் மட்டும் போடுகிறது, தண்ணீர் தர வேறு பம்பு வாங்க வேண்டுமா என்று தெரிவிக்கவும்" என்று இருந்தது. நான் வருத்தம் தெரிவித்துப் பதில் போட்டேன். அந்த வருத்தம் போதாது என்று அவள் எழுதினாள். பம்பு சரியான பிறகும் கடிதம் நிற்கவில்லை. ஒரு கடிதத்தில் போகிற போக்கில், மூன்றாவது மாடிக்கு வாளி தூக்குவது தன்னால் ஆகாது, இரண்டு காலிலும் இரும்புப் பட்டை, கையில் ஊன்றுகோல் என்று எழுதியிருந்தாள். நானும் என் நாற்காலியைப் பற்றி எழுதினேன். போனில் பேசலாம்தான். ஆனால் விடுதி ஆபீசில் அவளைச் சுற்றி நாலு பேர். இங்கே என் கதவு எப்போதும் திறந்தே கிடக்கிறது. அதனால் கடிதம்.

போன மாதம் இருவருமாகக் கல்யாணம் என்ற வார்த்தைக்கு வந்தோம். வீட்டில் பெரிய எதிர்ப்பு ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்கூட. "எனக்கப்புறம் உனக்கு ஒரு டம்ளர் தண்ணி குடுக்க ஆள் வேணுமே" என்றாள். அந்தச் சந்தோஷத்தில் ஒரு கட்டிலும் வாங்கிப் போட்டாள், தன்னுடைய அறையில். வரப்போகிறவள் படுத்துக்கொள்ள. "அவளும் நடக்கச் சிரமப்படறவ. ராத்திரி எனக்கும் துணை, அவளுக்கும் துணை" என்றாள். கேட்ட யாரும் சிரிக்கவில்லை.

புகார்க்காரியின் கடைசிக் கடிதத்தில் மூன்று கேள்விகள் இருந்தன. உங்களை யார் தூக்குகிறார்கள். உங்கள் உடம்பு என்னோடு எந்த அளவுக்கு இருக்க முடியும், மழுப்பாமல் எழுதவும். உங்கள் அறையை உள்ளே தாழிட முடியுமா. மூன்றாவதன் கீழே கோடு போட்டிருந்தாள். "விடுதியில் பதினெட்டு வருஷம் ஆறு பேர் அறையில் இருந்துவிட்டேன். இன்னொரு விடுதிக்கு நான் வருவதாக இல்லை."

நான் கூடத்தில் இதைச் சொல்லி முடித்ததும் அண்ணன் பேப்பரை மடித்தான்.

"தாழ்ப்பா வேண்டாம்னு யார்டா சொன்னா? திரும்ப விழுந்தா என்ன பண்றது, அதான் கேள்வி. பாதுகாப்பு."

"கட்டில் பக்கத்துல தரைக்கு எட்டற மாதிரி ஒரு பெல் வச்சுக்கறேன். விழுந்தா அடிக்கிறேன்."

"மயங்கி விழுந்தா?"

"கூட அவ இருப்பாண்ணா."

'கூட' என்றதும் அண்ணன் மடித்த பேப்பரை விரித்துவிட்டான்.

அத்தான் தொண்டையைச் செருமினார். "மாப்ள, தப்பா நினைக்காதே. நான் ஆம்பளைக்கு ஆம்பளை கேக்கறேன். அது... அதெல்லாம் வேலை செய்யுதா?"

"ஐயோ," என்றாள் அம்மா. "பெத்தவ உக்காந்திருக்கேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அசதிதான் வந்தது. இந்தக் கேள்வியை இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. எல்லாருமாகச் சேர்ந்து பதிலை மட்டும் முடிவு செய்து வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் நானே கேட்டேன். சிறுநீர், மலம், படுக்கைப்புண் என்று ஒரு மணி நேரம் விளக்கியவர், இதற்கு மட்டும் என்னை விட்டு அம்மாவைப் பார்த்து, "மனசை நிம்மதியா வச்சுக்கச் சொல்லுங்க" என்றார்.

"சில நாள் செய்யும் அத்தான். சில நாள் செய்யாது. செஞ்சாலும் எனக்குக் கீழே ஒண்ணும் தெரியாது. ஆனா கழுத்து தெரியும், காது தெரியும், தோள் தெரியும். ஆசை எங்கயும் போகல. போயிருந்தா சௌகரியமா இருந்திருக்கும். உங்க கல்யாணத்துக்கு முன்னாடி இப்படி நடு வீட்ல உக்கார வச்சு யாராவது உங்களைக் கேட்டாங்களா?"

"கேட்டிருந்தா நான் எந்திரிச்சு ஓடியிருப்பேன்," என்றார் அத்தான், உண்மையாகவே. பிறகு ஒரு தலையணையை முதுகிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

வாசல் பக்கமிருந்து பயில்வான், "நான் ஒண்ணு சொல்லலாமா?" என்றார்.

"நீயுமா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. காலைல சாரைக் குளிப்பாட்டும்போது சில நாள்... உடம்பு அதுபாட்டுக்கு... மனுஷ உடம்புதானே. அப்ப நாங்க ரெண்டு பேரும் மழையைப் பத்திப் பேசுவோம். 'இன்னிக்கு மழை வரும்போல இருக்கு சார்'னு நான் சொல்வேன். 'ஆமா, கறுத்துட்டு வருது'ன்னு சார் சொல்வாரு. சுவத்தைப் பாத்துக்குவோம். அடங்கினதும் துண்டு எடுப்பேன்."

"அதான் பங்குனி வெயில்லகூட மழை வருது மழை வருதுன்னு சத்தம் கேக்குமா?" என்றார் அண்ணி. "நான் வேற ரெண்டு தடவை மாடிக்கு ஓடித் துணியை எடுத்தேன்."

அத்தான் முதலில் சிரித்தார். பிறகு நான். அண்ணன் பேப்பருக்குப் பின்னால் குலுங்கினான். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உனக்கு எல்லாம் நான்தானேடா செஞ்சேன்," என்றாள். "பீ மூத்திரம் அள்ளினேன். புண்ணுக்கு மருந்து போட்டேன். உன் உடம்புல எனக்குத் தெரியாத இடம் ஒண்ணு இருக்கா?"

"அதாம்மா."

"என்ன அதாம்மா?"

"ஒண்ணும் இல்லைம்மா. ஒரு இடம்கூட இல்ல. அதான் சொல்றேன்."

அம்மாவுக்குப் புரிந்தது. அவள் கைகள் மடியில் எதையோ தேடின. சமாதானம் பேசும் குரலில், "சரி, ஒண்ணு பண்ணலாம்," என்றாள். "நீங்க ரெண்டு பேரும் உள்ள இருங்க. யாரும் வராம நான் வெளியில தாழ் போட்டுக்கறேன். எப்ப திறக்கணும்னு ஒரு குரல் குடு, திறந்துடறேன்."

அவள் மனதார, உதவியாகத்தான் சொன்னாள்.

அண்ணிதான் நிலையிலிருந்து சொன்னார். "அத்தை, எங்க ரூமுக்கு உள்தாழ்ப்பா இருக்கு. கல்யாணமாகி வந்த நாள்லேருந்து இருக்கு. எதுக்குன்னு யாராவது எங்களைக் கூட்டம் போட்டுக் கேட்டீங்களா?"

"ஏய்," என்றான் அண்ணன்.

"என்ன ஏய்? தம்பி உடைச்சுப் பேசிட்டாரு, பயில்வான் உடைச்சுப் பேசிட்டாரு. நான் பேசினா மட்டும் ஏயா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாக அடுக்கினார்.

கூட்டம் அத்துடன் கலைந்தது. எழுந்திருக்கும்போது அண்ணன், என்னைப் பார்க்காமல், "செவ்வாய்க்கிழமை ஆசாரியை வரச் சொல்றேன். ஆனா அவன்கிட்ட நீ ஒண்ணும் பேசாதே. ஊரெல்லாம் போய்ச் சொல்வான். நான் பாத்துக்கறேன்," என்றான். சரி என்றேன். ஒரு நாளைக்கு அவ்வளவு பேசியதே போதும் போலிருந்தது.

செவ்வாய்க்கிழமை ஆசாரி வந்தபோது நான் குளியலறையில் இருந்தேன். துளைக்கருவி சுவரில் இறங்கும் சத்தம் கேட்டது. கதவுக்குத்தானே தாழ்ப்பாள், சுவரில் என்ன வேலை என்று ஒரு கணம் தோன்றியது. நிலைக்குத் துளை போடுகிறான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். பயில்வான் என்னை உலர்த்தி உடுத்தி நாற்காலியில் வைத்து அறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்.

கதவு அகலத் திறந்து சுவரோடு சுவராகச் சாய்ந்திருந்தது. கதவின் மேல்பக்கத்தில் ஒரு வளையம். சுவரில் நல்ல கனமான பித்தளைக் கொக்கி. கொக்கி வளையத்தில் மாட்டியிருந்தது. ஆசாரி கதவை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிக் காட்டினார். அசையவில்லை.

"இனிமே புயலே வந்தாலும் சாத்தாது சார்," என்றார்.

"எதுக்கு இது?"

"அண்ணன் சொன்னாரே, இந்த ரூம் கதவு காத்துல அடிச்சுக்குது, அதுக்கு ஒண்ணு பண்ணணும்னு. தாழ்ப்பாகூட போடலாம்னாரு. காத்துக்குத் தாழ்ப்பாளைவிடக் கொக்கிதான் சார் நல்லது. நாள் முழுக்கத் திறந்தே இருக்கும்."

பயில்வான் என் நாற்காலியின் கைப்பிடியை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தார். மழையைப் பற்றி ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

நான் அண்ணனைக் கூப்பிட்டேன். வந்தான். கொக்கியைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். அவனுக்குக் காது சிவந்துவிட்டது. சின்ன வயதிலிருந்தே அப்படி, மாட்டிக்கொண்டால் காதுதான் முதலில் சொல்லும்.

"நாளைக்கு வேற ஒருத்தனை வச்சு..." என்று மெல்ல ஆரம்பித்தான்.

"நாளைக்கு அவன்கிட்ட என்ன சொல்வே? குளிர்னு சொல்வியா? கொசுன்னு சொல்வியா? கொசுன்னா அவன் வலை அடிச்சுட்டுப் போவான்."

அண்ணன் கொக்கியை வளையத்திலிருந்து கழற்றினான்.

"நான் சொல்லிடட்டுமா?" என்றேன்.

"வேண்டாம்," என்றான். ஆசாரியின் பக்கம் பாதி திரும்பி, முகத்தை அந்தக் கொக்கிக்குக் கொடுத்து, ஏதோ அதனிடம் பேசுவதுபோலச் சொன்னான். "காத்து இல்ல ஆசாரி. என் தம்பிக்குக் கல்யாணம். புருஷன் பொண்டாட்டி இந்த ரூம்ல இருப்பாங்க. கதவை உள்ள தாழ் போடணும். அவங்க கைக்கு எட்டற உயரத்துல."

ஆசாரி என்னைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். கேட்க வந்த எதையோ விழுங்கிக்கொண்டார். நல்லவேளை, அவருக்குத் தொழில் கவலை வந்துவிட்டது.

"முதல்லயே சொல்லியிருந்தா சுவத்துல ஒரு ஓட்டை மிச்சம் சார்," என்றார்.

பழைய தாழ்ப்பாளின் நாலு ஓட்டைகளிலேயே மாட்டிவிடலாம் என்றார். நான் கையை நீட்டிக் காட்டினேன். விரல் நுனிதான் பட்டது, இழுக்க வலு கிடைக்கவில்லை. இன்னும் கீழே இறக்கச் சொன்னேன். என் முழங்கை மடங்குகிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். ஊன்றுகோலோடு நிற்கிறவள் அதற்குக் குனிய வேண்டுமே என்று யோசனை வந்தது. அண்ணன் துணி அலமாரியின் மேல் கிடந்த குடையை எடுத்து அக்குளில் செருகி, ஒரு பக்கம் சாய்ந்து நின்று, கையைத் தொங்கவிட்டுப் பார்த்தான். "இன்னும் ஒரு விரக்கடை மேல," என்றான். அப்படி நின்ற கோலத்தில் அவனை அம்மா பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ. ஆசாரி கோட்டை அழித்துப் புதிதாகப் போட்டார்.

அடுத்த நாள் அண்ணியும் பயில்வானும் துணி அலமாரியை அம்மா அறைக்கு நகர்த்தினார்கள். அங்கே இடம் போதவில்லை. மடிக்காத துணியெல்லாம் அம்மா வாங்கிப்போட்ட புதுக் கட்டிலின் மேல் குவிந்தது. சாயங்காலத்துக்குள் கட்டில் கண்ணுக்கே தெரியவில்லை. அம்மா அதைப் பார்த்துவிட்டுப் போனாள். அண்ணி வேண்டுமென்றே செய்தாரா என்று நான் கேட்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் முதல்முறையாகக் கதவைச் சாத்தித் தாழிட்டேன். பெரிதாக எதுவும் நினைத்துக்கொள்ளவில்லை. அறை சின்னதாகத் தெரிந்தது. சமையலறைச் சத்தம் தூரமாகப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் கதவு வெளியிலிருந்து அழுந்தியது. தாழ்ப்பாள் ஒருமுறை கிடுகிடுத்து நின்றது.

"டேய்."

"அம்மா."

"உள்ளயா இருக்கே?"

"ஆமாம்மா."

"துண்டு துவைச்சு வச்சேன்."

"அப்புறமா வாங்கிக்கறேம்மா."

அவள் போகவில்லை. கதவுக்கும் தரைக்கும் இடையிலுள்ள சந்தில் அவள் பாதத்தின் நிழல் தெரிந்தது. திறக்கத்தான் கை போயிற்று. அவளுக்கும் இது புதிது. ஒன்பது வருஷம் தட்டாமல் நுழைந்த கதவு. கையை மடியில் வைத்துக்கொண்டேன். நிழல் நகர்ந்தது. துண்டை எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை.

பிறகு புகார்க்காரிக்கு எழுதத் தொடங்கியிருந்த பதில் கடிதத்தை எடுத்தேன். பாதியில் நின்றுபோய் இரண்டு வாரமாகிவிட்டது. பொருள், பார்வை எல்லாம் போட்டேன், போடாவிட்டால், "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டு எழுதுவாள். முதல் கேள்விக்கு, பயில்வான் தூக்குகிறார், உங்களையும் வேண்டுமானால் தூக்குவதாகச் சொல்கிறார் என்று எழுதினேன். இரண்டாவதற்கு ஒரு முழுப் பக்கம் ஆயிற்று. அத்தானிடம் சொன்னதைவிட விவரமாக, எது முடியும், எது முடியாது, எது எனக்கே தெரியாது, சில சமயம் நடுவில் சிறுநீர்ப் பை ஒழுகிவிடலாம் என்பது உட்பட. எழுதும்போது கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். யாரும் வரவில்லை. மூன்றாவதற்கு இப்படி எழுதினேன்:

"அறையை உள்ளே தாழிடலாம். தங்கள் கைக்கு எட்டும் என்று நம்புகிறேன். அண்ணன் குடையை வைத்து அளந்தான். சுவரில் தேவையில்லாமல் ஒரு பித்தளைக் கொக்கியும் இருக்கிறது. அது எப்படி வந்தது என்பதை நேரில் சொல்கிறேன். அம்மாவுக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. அவர் கதவை அழுத்துவார். நாம்தான் ஒவ்வொரு முறையும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யவும்."

கடைசி வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். விட்டுவிட்டேன். உறையில் போட்டு, ஓரத்தில் பசை தடவி, மேலே பேரகராதியை ஏற்றி வைத்தேன், ஒட்டட்டும் என்று.

மாலையில் கதவு தட்டப்பட்டது. தட்டியது பயில்வான். அவருக்கே அது விசித்திரமாக இருந்திருக்க வேண்டும். இரண்டாவது தட்டு பாதியில் நின்றது. நான் உருட்டிப் போய்த் தாழை நீக்கினேன். கையில் துவைத்த துண்டு வைத்திருந்தார்.

"ரூம் வாசல்ல, தரையில கிடந்துச்சு சார்."

துண்டை வாங்கிக்கொண்டு கடிதத்தைக் கொடுத்தேன். உறையைப் புரட்டி விலாசத்தைப் பார்த்தார்.

"புகார்க்காரி அம்மாவுக்கா?"

"ஆமா."

"மழை வரும்போல இருக்கு சார்," என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். பிறகு உறையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, கடைசித் தபால் எடுப்பதற்குள் பெட்டியில் போட வேண்டும் என்று வேகமாக இறங்கிப் போனார்.